கிராமத்தில் எச்.ஐ.வி.: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாவட்டம் ஒன்றில், வட்ட அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பல வருடம் ஆலோசகராக இருந்தேன். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கும் அறைக்குத் தமிழ்நாட்டில் வைத்திருக்கும் பெயர் அது. உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் எடுத்த எடுப்பில் நோயைப் பற்றிக் கேட்டது குறைவு. "வெளிய உக்காந்திருக்கறாங்களே, அந்தம்மா எந்த ஊருங்க?" இதுதான் பலருக்கும் முதல் கேள்வி. அந்த அறையிலும், நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையிலும், கர்ப்பிணிகள் கூடும் செவ்வாய்க்கிழமைகளிலும் என்னிடம் கேட்கப்பட்டவை இவை.

"புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று போர்டு வைத்தார்களே, அது அந்தக் காலத்து நோய் இல்லையா?

அந்த விளம்பரம் ஊரெல்லாம் பேச்சாக இருந்த 2000-களின் தொடக்கத்தில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளிடம் எடுத்த கணக்கில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் தொற்று இருந்தது. இன்று அது ஆயிரத்துக்கு இரண்டு பேர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. சும்மா இறங்கவில்லை. இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் பிடிபட்டதே சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் சொல்லி, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வைக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிஜ்ஜில் வைத்திருந்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். 1994-இல் இதற்கென்று மாநில அளவில் தனிச் சங்கம் அமைத்ததிலும் தமிழ்நாடுதான் முந்திக்கொண்டது.

கணக்கு இறங்கியதில் ஒரு சங்கடமும் உண்டு. போர்டுகள் போய்விட்டன. இப்போது இருபது வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைப் பற்றி யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை.

எப்படிப் பரவும், எப்படிப் பரவாது?

ஆணுறை இல்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு. வழிகள் இவ்வளவுதான். கொசு கடித்தால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே குளத்தில் குளித்தால், இருமினால், கட்டிப்பிடித்தால் வராது. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்புறம் அந்த வீட்டு டம்ளரில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள்.

சலூன் பிளேடு, பச்சை குத்துவது, காதுகுத்து இவற்றால் வருமா?

ரத்தம் காய்ந்தால் இந்தக் கிருமி அதிக நேரம் தாங்காது. அதனால் சவரக் கத்தியால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் மஞ்சள் காமாலை வகையான ஹெபடைடிஸ் பி அப்படி வரலாம். புது பிளேடு கேட்பது அதற்காகவே நல்லது. திருவிழாவில் ஒரே ஊசியால் வரிசையாகப் பச்சை குத்துகிறவரிடம் போகாதீர்கள். குலதெய்வம் கோயிலில் காது குத்தும்போது ஆசாரி உங்கள் கண்முன்னால் புது ஊசி எடுக்கட்டும்.

நான் அதிகம் பயப்படுவது இவர்களுக்கு இல்லை. சந்தைக்குப் பக்கத்தில் படிப்பில்லாமல் ஊசி போடுகிற 'டாக்டர்' இருக்கிறாரே, அவருக்குத்தான். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ரத்தோதேரோ என்ற ஊரில் 2019-இல் நூற்றுக்கணக்கானவர்களுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பெரும்பாலானவர்கள் சின்னக் குழந்தைகள், அவர்களில் பலருடைய அப்பா அம்மாவுக்குத் தொற்று இல்லை. போட்ட ஊசியையே திரும்பத் திரும்பப் போட்டதுதான் முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. உத்தரப்பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்திலும் 2018-இல் இதே கதை. காய்ச்சலுக்கு மாத்திரையே போதும் என்று டாக்டர் சொன்னால், "ஒரு ஊசி போட்டு உடுங்க" என்று நாமே கேட்கும் வழக்கம் இருக்கிறதே, அதை விடவேண்டும். ஊசிதான் வேண்டுமென்றால் கவரை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள்.

பரிசோதனைக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடாதா?

நியாயமான பயம். பட்டணத்தில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் யாருக்கும் யாரையும் தெரியாது. கிராமத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண்டக்டர் முதல் டீக்கடைக்காரர் வரை, "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்பார்கள். அதனால்தான் எங்கள் மையத்துக்கு வந்தவர்களில் பலர் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள். எங்கள் வட்டத்துக்காரர்கள் அங்கே போனார்கள். எந்த மையத்திலும் பரிசோதனை செய்துகொள்ளலாம். 'உங்க ஊர் மையத்துக்குப் போங்க' என்று திருப்பி அனுப்பக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்து முதல்கட்டப் பரிசோதனை செய்வார்கள். அதில் சந்தேகம் வந்தால் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே மூன்று வெவ்வேறு பரிசோதனைகளிலும் தெரிந்தால்தான் 'இருக்கிறது' என்று சொல்வோம். முதல் பரிசோதனையைப் பார்த்துவிட்டு யாராவது பதறிப்போய் எதையாவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்கள் சம்மதம் இல்லாமல் முடிவை ஊராரிடம் சொல்லக் கூடாது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சட்டம் ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம். ஓர் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கட்டில் காலில் தொங்கவிட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவைப் பார்க்க வந்த உறவுக்காரர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிவப்பு மை எதற்கென்று தெரிந்திருந்தது. அப்படி நடந்தால் மருத்துவ அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமல் பேசலாம்.

தப்பு நடந்துவிட்டது, நாளைக்கே பரிசோதித்தால் தெரியுமா?

தெரியாது. கிருமி உடம்பில் நுழைந்து பரிசோதனையில் காட்டுவதற்குச் சில வாரங்கள் ஆகும். 'இல்லை' என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் உறுதி.

ஆனால் நாளைக்குச் செய்யவேண்டிய வேறொன்று இருக்கிறது. தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரையைத் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கும், ஊசி குத்திக்கொண்ட நர்ஸ், துப்புரவுப் பணியாளர்களுக்கும் அரசு மருத்துவமனைகளில் இது உண்டு. போலீஸ் கேஸ் முடியட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று காத்திருந்து நேரத்தைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம். 'தப்பு' என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். அந்தச் சொல்தான் ஆட்களை நான்காம் நாள் வரவைக்கிறது.

மாசமாக இருக்கும் பெண்ணுக்கு எதற்கு இந்தப் பரிசோதனை? சந்தேகப்படுகிறீர்களா?

மாமியார்கள் கேட்கும் கேள்வி. சந்தேகம் இல்லை, எல்லாக் கர்ப்பிணிக்கும் செய்வதுதான். கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்யும்போதே சர்க்கரை, ரத்த அளவு, பால்வினை நோயோடு சேர்த்து இதையும் பார்த்துவிடுவார்கள்.

எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு. தாய் மாத்திரை சாப்பிட்டு, குழந்தைக்கும் பிறந்தவுடன் சொட்டு மருந்து கொடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி ரத்தத்தை அட்டையில் சொட்டவைத்து அனுப்புவார்கள். பதினெட்டாவது மாதம்தான் கடைசி முடிவு. அதுவரைக்கும் விட்டுவிடாதீர்கள்.

பால் கொடுக்கலாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் தாய் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதுதான் நல்லது. 'மட்டுமே' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் ஊரில் பிறந்த அன்றே சேனை தொட்டு வைப்பார்கள், பிறகு சர்க்கரைத் தண்ணீர், தெருவில் வந்தால் கழுதைப் பால். தாய்ப்பாலோடு இவையும் சேரும்போது பிஞ்சுக் குடலில் புண்ணாகிக் கிருமிக்கு வழி கிடைக்கும். பாட்டியை அழைத்து இதைச் சொல்லாமல் தாய்க்கு மட்டும் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. நோய் பெயரைச் சொல்லாமலே பாட்டியிடம் சொல்லலாம், "குழந்தைக்கு வயிறு சேராது, டாக்டர் கண்டிப்பா வேண்டாம்னுட்டாரு" போதும்.

அவள் ஒருத்தனோடுதானே வாழ்ந்தாள், அவளுக்கு எப்படி வந்தது?

கட்டின கணவனிடமிருந்து. நான் பார்த்த பெண்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தான். 'ஒருவனுக்கு ஒருத்தி' என்று சுவரெல்லாம் எழுதிவைத்தோம். அதன்படியே வாழ்ந்த பெண்கள் அந்தச் சுவரைத் தாண்டித்தான் பரிசோதனைக்கு வந்தார்கள். கர்ப்பத்தில் மனைவிக்கு முதலில் தெரிவதால், 'இவளால்தான் வந்தது' என்று வீடு முடிவு கட்டிவிடும். அதனால் மனைவியின் முடிவைத் தெரிவிப்பதற்கு முன்பே, எல்லாக் கணவர்களையும் பரிசோதனைக்கு அழைக்கும் வழக்கத்தை எங்கள் மையத்தில் பிடிவாதமாக வைத்திருந்தோம். தன் முடிவைச் சொன்னால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்று ஒரு பெண் பயந்தால், துணையிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டம் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.

கூட்டு மருந்து என்றால் என்ன? எவ்வளவு செலவு?

ஏ.ஆர்.டி. என்று சொல்வதுதான் கூட்டு மருந்து. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும் ஒன்று, ஆயுள் முழுக்க. இலவசம். முன்பு எதிர்ப்புச் சக்தி குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால்தான் கொடுப்பார்கள். 2017 முதல், தொற்று உறுதியானாலே தொடங்கிவிடுகிறார்கள்.

2000-ஆம் வருடம் அன்றைய கூட்டு மருந்துக்கு ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்ததும் விலை சரிந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் திறந்த மையங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. அதற்கு முன்னால் தாம்பரம் போனவர்கள் திரும்பி வருவது அரிது. எங்கள் பக்கத்தில் 'தாம்பரம் போயிட்டான்' என்றாலே அர்த்தம் வேறு.

மாத்திரை சாப்பிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்தையும் இதோடு சேர்த்துச் சாப்பிட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பிணிகள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஏ.ஆர்.டி. மாத்திரையை முதலில் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து மற்றவற்றைச் சாப்பிடுவது நல்லது. சத்து மாத்திரையை ஏற்கெனவே போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் பொறுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், அளவைப் பார்த்துக் கொடுப்பார். எத்தனை நாள் இருமலாக இருந்தாலும் உடனே சளிப் பரிசோதனை. எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது காசநோய்தான்.

பாட்டிலைப் பற்றிப் புத்தகத்தில் இருக்காது. முப்பது மாத்திரை உள்ள பிளாஸ்டிக் பாட்டில் பையில் கிடந்தால், பஸ் குலுங்கும்போது கலகலவென்று சத்தம் போடும். நாற்பது வயது அம்மா ஒருவர், நெசவுக் கூலிக்காரர். மாத்திரை வாங்கியதும் மரத்தடியில் உட்கார்ந்து லேபிளை எச்சில் தொட்டு உரித்து எடுப்பார். மூடியைத் திறந்து, கொண்டுவந்த பஞ்சை உள்ளே திணிப்பார். காதருகே ஆட்டிப் பார்ப்பார். சத்தம் நின்றால்தான் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புவார். மாதா மாதம் இதைப் பார்த்திருக்கிறேன். செய்யலாம், தப்பில்லை. வேறு டப்பாவுக்கு மட்டும் மாற்றாதீர்கள், ஈரம் பட்டால் மாத்திரை கெடும்.

ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவரிடமிருந்து துணைக்குத் தொற்றுமா?

ரத்தத்தில் கிருமியின் அளவு பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் தொற்றாது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான தம்பதிகளைப் பின்தொடர்ந்து உறுதிசெய்த விஷயம் இது. கிருமி அளவு பார்க்கும் பரிசோதனையும் இலவசம், கேட்டு வாங்குங்கள். கல்யாணம், குழந்தை எல்லாம் சாத்தியம்தான்.

ஆணுறை எங்கே வாங்குவது? கடையில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

மளிகைக் கடைக்காரர் சித்தப்பா முறை என்றால் எப்படிக் கேட்பது? துணை சுகாதார நிலையத்தில் இலவசமாக நிரோத் இருக்கும். உள்ளே அலமாரியில் வைத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். திண்ணைப் பக்கம் பெட்டி மாட்டிய செவிலியர்கள் இருக்கிறார்கள், அந்தப் பெட்டி ராத்திரியில் காலியாகிவிடும். ஒரு குறிப்பு: தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் எதையும் ஆணுறையோடு தடவாதீர்கள், ரப்பர் இற்றுக் கிழிந்துவிடும்.

பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறதே, இதையும் அப்படிக் கொடுத்தால் என்ன?

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைச் சொல்கிறீர்கள். நல்ல திட்டம். ஆனால் பை தோளில் தொங்க ஒருவர் தெருவுக்குள் நுழைந்தால், எந்த வீட்டுப் படியேறினார் என்று தெருவே கணக்கு வைத்திருக்கும். என்னிடம் வந்தவர்களைக் கேட்டேன். பாதிப் பேர் 'ஐயையோ, வேண்டாங்க' என்றார்கள். பஸ்ஸேறிப் போவதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. மகளிருக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்றான பிறகு, போகவர ஆகும் காசு ஒரு தடையாக இருந்தது பெண்களுக்குக் குறைந்தது.

வீட்டுக்கு வருவது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹைட்டி நாட்டில் காஞ்ச் என்ற பரம ஏழைக் கிராமத்தில் 1998-இல் டாக்டர் பால் ஃபார்மரும் அவருடைய குழுவினரும் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் அதே ஊர்க்காரர் ஒருவர், சம்பளத்துக்கு. தினமும் வந்து மாத்திரை கொடுப்பார், அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்றும் பார்ப்பார். 'கூட வருகிறவர்' என்பதுதான் அவருக்கு அங்கே பெயர். ஆப்பிரிக்காவில் பலர் கடிகாரத்தையே பார்த்ததில்லை, நேரத்துக்கு மருந்து எப்படிச் சாப்பிடுவார்கள் என்று 2001-இல் அமெரிக்க உதவி நிறுவனத் தலைவர் பேசிக்கொண்டிருந்தபோது, காஞ்சில் அது நடந்துகொண்டிருந்தது. நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். ஐயாயிரம் பேருக்கு ஒருவர், கூடவே கணினியில் ஏற்ற வேண்டிய பதிவேடுகள் மலைபோல. அவர் வாய் இறுக்கமானவராக இருந்தால் அந்த ஊரில் பரிசோதனை நடக்கும். ஒருமுறை ஒரு பெயர் அவர் வாயிலிருந்து நழுவினால், அப்புறம் பத்து வருடம் யாரும் கை நீட்டமாட்டார்கள்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

வேலையிலிருந்து நீக்க, பள்ளியில் சேர்க்க மறுக்க, வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்ல, சிகிச்சை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை. கணவன் இறந்ததும் மாமனார் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்க இந்தச் சட்டம் உரிமை தருகிறது. வட்ட சட்டப் பணிகள் குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். தனியாகப் போகாமல், மாவட்டத்திலுள்ள எச்.ஐ.வி. உள்ளோர் நலச் சங்கத்தாரை அழைத்துப் போங்கள். அவர்கள் எல்லா வாசலையும் ஏறி இறங்கியவர்கள்.

நாட்டு மருந்தில் குணமாகும் என்கிறார்களே?

கூட்டு மருந்து வராத காலத்தில் தாம்பரத்திலேயே சித்த மருத்துவப் பிரிவில் ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் கொடுத்தார்கள். உடம்பு தேறியவர்கள் உண்டு, கிருமி போனவர் இல்லை. சித்த மருந்து சாப்பிடுவதானால் இரண்டு டாக்டரிடமும் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். ஏ.ஆர்.டி.யை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மகன் ரிக் வண்டியில் போகிறான். என்ன சொல்லி அனுப்புவது?

திருச்செங்கோட்டுப் பக்கத்து அம்மாக்கள் கேட்பது. போர் போடும் வண்டியேறி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் வீடு திரும்பப் பல மாதம் ஆகும். பையனிடம் அம்மா நேரடியாகப் பேசுவது நம் வீடுகளில் நடக்காத காரியம். தாய்மாமன் பேசட்டும், போய்வந்த கூட்டாளி பேசட்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவனாக இருந்தால், கிளம்பும் முன்பே மையத்தில் சொல்லி இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும், சிகிச்சைப் புத்தகத்தையும் எடுத்துப்போகட்டும். தீர்ந்துபோனால் எந்த மாநிலத்து மையத்திலும் அதைக் காட்டிக் கேட்கலாம்.

எனக்குத் தெரிந்த ரிக் மேனேஜர் ஒருவர் ஒன்றும் பேசமாட்டார். வண்டி கிளம்பும்போது அரிசி மூட்டை, மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய் எல்லாம் ஏறிய பிறகு, முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சுக்கும் டிஞ்சருக்கும் நடுவில் நிரோத் பாக்கெட்டுகளை அடுக்கி மூடிவிடுவார். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வண்டி திரும்பி வரும்போது பஞ்சு அப்படியே இருக்கும், பாக்கெட் ஒன்றுகூட இருக்காது.